அண்ணாந்தான் உட்கார்ந்த கதை

அண்ணாந்தான் மலை நின்றுகொண்டிருந்த காலத்தில், அதன் காலடியில் கிடந்த சாம்பலோடை என்ற ஊருக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு பொழுது சாய்ந்துவிடும். வெயில் மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள, ஊர்க்காரர்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, துவைத்த துணி காயவில்லை, பறித்த மிளகு காயவில்லை, பிள்ளைகளுக்குச் சளி விடவில்லை, எல்லாம் இந்தப் பாழாய்ப்போன மலையால் என்று திட்டுவார்கள். திட்டிக்கொண்டே அதன் ஊற்றுத் தண்ணீரைக் குடிப்பார்கள், அதன் மேல் வந்து மோதிய மேகம் கொட்டிய மழையில் மிளகும் காப்பியும் வளர்ப்பார்கள், அதன் சரிவில் விறகு பொறுக்குவார்கள், அதன் பாறையில் கல்பாசி சுரண்டுவார்கள். நன்றி என்ற ஒன்று அவர்களுக்கு இருந்ததில்லை, மலையும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. திட்டுகிறவனும் அண்ணாந்து பார்த்துத்தானே திட்டவேண்டும், அது போதும் என்று இருந்திருக்கும்.

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை முதல் பஸ்ஸில் ரகோத்தமன் வந்து இறங்கினான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம், நாற்பதை நெருங்கும் வயது, தனியாக மலை ஏறுவது வழக்கம். வேனில் கும்பலாக வந்து பாட்டுப் போட்டு ஆடுகிறவர்களை அவனுக்குப் பிடிக்காது, கைகோத்துக்கொண்டு வருகிற ஜோடிகளைப் பிடிக்காது, வேண்டுதலுக்காக வெறுங்காலோடு ஏறுகிறவர்களைப் பார்த்தால் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பு இறங்கி ஊர் போய்ச் சேரும்வரை அங்கேயே இருக்கும். வாரம் ஒரு மலை, உச்சியில் நின்று ஒரு படம், படத்துக்குக் கீழே ‘தனியாக’ என்று ஒரே ஒரு சொல். தனியாக ஏறியதை ஊர் முழுக்கச் சொன்னால்தான் அவனுக்குத் தனியாக ஏறியது போலிருக்கும். ஏறிய மலைகளில் ஒன்றின் பெயரைக் கேட்டால்கூட, போனைப் பார்த்துத்தான் சொல்வான்.

பஸ் திரும்புகிற இடத்தில் வீருசின்னம்மாளின் டீக்கடை இருந்தது. ஐம்பதைத் தாண்டிய அந்தப் பெண்பிள்ளையை ஊரே வீருச்சின்னு என்றுதான் கூப்பிடும். அவள் புருஷன் பொம்மையன் அண்ணாந்தானின் இடுப்பில் துருத்திக்கொண்டிருந்த குரங்கேறாப் பாறையில் கயிறு கட்டித் தொங்கிக் கல்பாசி சுரண்டிப் பிழைத்தவன். ஒரு கார்த்திகை மாதம் அங்கிருந்து விழுந்தான், உடலைக் கீழே ஓடைக்குள் எடுத்தார்கள். அன்று முதல் அவள் அந்த மலையின் மேல் ஓர் எட்டு வைத்ததில்லை, அதன் பெயரை வாயால் சொன்னதில்லை. ஆனால் பொம்மையன் பேச்சு வந்தால் ஊர்க்காரர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அண்ணாந்தானே எடுத்துக்கொண்ட ஆள் என்பார்கள். அவன் அவளுக்கு விட்டுப்போனது அந்தத் தாழ்ந்த குரல் ஒன்றுதான்.

உச்சிக்கு எவ்வளவு நேரமாகும் என்று ரகோத்தமன் கேட்டான். விடியுமுன் கிளம்புகிறவர்கள் பொழுது சாயத் திரும்புவார்கள் என்று அவள் சொன்னாள். மத்தியான பஸ்ஸுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

சோலைக்குள் அட்டை கடித்ததைத் தட்டிவிட்டு ஏறினான், காட்டெருமைச் சாணத்தைத் தாண்டி ஏறினான், புல்மேட்டில் காற்று முதுகில் கைவைத்துத் தள்ள ஏறினான், குரங்கேறாப் பாறையைச் சுற்றிப் போகும் பாதையில், வழியில் பார்த்ததையெல்லாம் வேறெங்கோ பார்த்ததோடு ஒப்பிட்டு மட்டம் தட்டிக்கொண்டே ஏறினான். உச்சியில் குவித்து வைத்த நாலு கல், துருப்பிடித்த வேல் ஒன்று, காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று, விபூதி அப்பிய சாமிக்கல் ஒன்று. ரகோத்தமன் சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி, பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் யாருக்கோ கேட்கவேண்டும் என்பதுபோல, “இவ்வளவுதானா” என்றான்.

அண்ணாந்தான் எவ்வளவோ கேட்டிருந்தது. அதன் உச்சியில் நின்று பொய்ச் சத்தியம் செய்தவர்கள் உண்டு, ஜெயித்தால் படிக்கட்டு கட்டித் தருவதாக வேண்டிக்கொண்டு ஜெயித்ததும் மறந்தவர்கள் உண்டு, குடித்துவிட்டு அதன் தலையிலேயே ஒன்றுக்குப் போனவர்கள் உண்டு. எதற்கும் அசையாத மலை இதற்கு உட்கார்ந்துவிட்டது. வெயிலில் நின்று சலித்த எருமை முன்னங்காலை மடக்கி, பிறகு பின்னங்காலை மடக்கி, ஒரு பெருமூச்சு விட்டுத் தரையோடு படிவதுபோல, ஒரு மரம் முறியாமல், ஒரு கல் உருளாமல் அது உட்கார்ந்தது. சோலை புதர் உயரத்துக்கும், புல்மேடு பாய் அகலத்துக்கும், ஓடைகள் வாய்க்கால் கீற்றுக்கும் மடங்கிக்கொள்ள, நீட்டிய போனோடு ரகோத்தமன் டீக்கடைக்குப் பின்னால், கூரை உயரத்தில் ஒரு மேட்டின் மேல் நின்றுகொண்டிருந்தான்.

கடைக்குள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த வீருச்சின்னுவுக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தாள்.

“அதுக்குள்ள இறங்கிட்டீகளா தம்பி?”

“நான் இறங்கலை” என்றான் அவன்.

“அப்ப அது இறங்கிருச்சு” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த டம்ளரை எடுத்தாள்.

சொன்னபடியே அவன் மத்தியான பஸ்ஸில் போய்விட்டான்.

ஊர் கொஞ்சமும் கலங்கவில்லை. முதலில் அவர்கள் கண்டுகொண்டது வெயிலைத்தான். சாப்பாடு முடிந்த பிறகும் பொழுது சாயாமல் அப்படியே நின்றதில், அந்த மீதிப் பகலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் தூங்கினார்கள், சிலர் சீட்டு ஆடினார்கள், பெரும்பாலானவர்கள் அக்கம்பக்கத்தாரோடு சண்டை பிடித்தார்கள். துணி காய்ந்தது. மிளகு இரண்டே வெயிலில் சுருங்கியது. போர்வைகளை மடித்துப் பரணில் போட்டுவிட்டு, இது முன்னாலேயே உட்கார்ந்திருக்கலாம் என்றார்கள். செல்போனில் மலைக்கு அந்தப் பக்கத்து டவர் எடுக்கத் தொடங்கி, எல்லோருடைய போனிலும் கேரளா வரவேற்கிறது என்று செய்தி வந்தது. எதிர்ச்சரிவில் இருந்த மலையாள ஊரும் இந்த ஊரும் பிறந்தது முதல் இல்லாத வழக்கமாக ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. ஒரு வாரம் பார்த்தபிறகு இரண்டு ஊருமே எதிரில் இருக்கிற ஊர் சுத்த மோசம் என்ற முடிவுக்கு வந்து, ஆளுக்கொரு பக்கம் வேலி போட்டன.

சாமிக்கு மவுசு போயிற்று. முன்பு அதைக் கும்பிட நாற்பது நாள் விரதமிருந்து, முட்டி தேய ஏறி, உச்சியில் மூச்சு வாங்கி அழுதவர்கள், இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு செருப்போடு போய் ஒரு சூடத்தைக் கொளுத்திவிட்டு வந்தார்கள். ஆடுகள் சாமியைத் தாண்டிப் போய் மேய்ந்தன. அப்புறம் ஆடுகளுக்குத் துணையாக ஊர்க்காரர்களும் தாண்டத் தொடங்கினார்கள். ஊராட்சித் தலைவர் பவுன்ராஜ், மேட்டைச் சமன்செய்து ஹெலிகாப்டர் இறங்க இடம் போடலாம் என்று கொஞ்ச நாள் பேசினார். எந்த ஹெலிகாப்டர், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு கல் உடைக்கும் ஆலைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார். அந்த ஆள் மேட்டைக் காலால் தட்டிப் பார்த்து, லாரிகளைக் கொண்டுவந்தால் ஒரு மாதத்து வேலை என்றார்.

குரங்கேறாப் பாறை பெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது. வேலையில்லாதவர்கள் அதில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பீடி குடித்தார்கள், நகம் வெட்டினார்கள். பிள்ளைகள் அதன் மேலிருந்து குதித்துக் குதித்து விளையாடின. டீக்கடையிலிருந்து பார்த்தால் அது நன்றாகத் தெரியும். வீருச்சின்னு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பேச்சை முதலில் எடுத்தவன் பஸ்ஸில் வந்த வெளியூர்க்காரன். இங்கேயிருந்தா ஓர் ஆள் விழுந்து செத்தான் என்று கேட்டுவிட்டு அவன் சிரித்தான். அவனை யாரும் தடுக்காததால் அடுத்த வாரம் உள்ளூர்க்காரர்களும் சிரித்தார்கள். பொம்மையன் அன்று குடித்திருப்பான் என்றான் ஒருவன், அவன் குடிக்கமாட்டானே என்று இன்னொருவன் சொல்ல, அப்படியானால் தூங்கியிருப்பான் என்று முடித்தார்கள். ஓடைக்குள் இறங்கி அந்த உடலைத் தூக்கி வந்தவர்களே அங்கே இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். கடைசியில் பவுன்ராஜ் டீயைக் கையில் வாங்கிக்கொண்டே அவளிடமே கேட்டார்.

“தப்பா எடுத்துக்காதீக மதினி. அண்ணன் உண்மையிலேயே இதுலயிருந்துதான் விழுந்தாரா?”

அவள் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மலை நின்றபோது அதை வெறுப்பதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருந்தது, அந்த வெறுப்பை ஊன்றிக்கொண்டு அவள் இத்தனை காலம் நிமிர்ந்து நடந்திருந்தாள். இப்போது அந்த மலை, தன் மதிப்பைத் தானே கெடுத்துக்கொண்டு, அவள் புருஷனையும் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டு, பிள்ளைகள் குதிக்கக் குனிந்து கிடந்தது. அன்று மத்தியானம் அவள் சோறு வடித்தாள், சாப்பிடவில்லை.

ஆனி பிறந்தது. மேற்கேயிருந்து மேகங்கள் வழக்கம்போல வந்தன, வழக்கமாகச் சாய்ந்து நிற்கிற இடத்தைத் தேடின, ஊருக்கு மேலே கொஞ்ச நேரம் தயங்கின, பிறகு நேரே கிழக்கே போய், மழை கேட்காத ஏதோ ஒரு சமவெளியில் கொட்டித் தீர்த்தன. ஆடியிலும் அப்படியே. மிளகுக்கொடி மஞ்சளித்துக் கணுக்கணுவாய் உதிர்ந்தது, காப்பிச் செடி பூத்த பூவைப் பிஞ்சாக்காமல் கருக்கியது, ஊற்று வாய் வறண்டது. குடிதண்ணீருக்கு லாரி வந்தபோதுதான் சாம்பலோடைக்கு மலையின் மேல் மரியாதை பிறந்தது. தாரை தப்பட்டையோடு வந்து பொங்கல் வைத்தார்கள். மேட்டுக்கு மாலை சுற்றினார்கள், முன்பென்றால் அதற்கு உலகத்துப் பூவெல்லாம் போதாது, இப்போது ஒரு சாக்குச் செவ்வந்தியே மிச்சம். பவுன்ராஜ் மைக் பிடித்து, அண்ணாந்தானைப்போல ஒரு மலை உண்டா, அதன் உயரம் என்ன, பெருமை என்ன என்று பேசினார். கல் ஆலைக்காரரிடம் பேசிய அதே குரலில்தான் பேசினார். மலை அசையவில்லை. பிறகு, எல்லாம் அந்தச் சென்னைக்காரனால் வந்தது, அவன் வந்து மன்னிப்புக் கேட்டாலொழிய நடக்காது என்று முடிவாயிற்று. இத்தனை மாதம் அவனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெயில் பிடித்திருந்தவரை அவன் குற்றவாளியாக இல்லை.

கூப்பிடாமலே அவன் ஆவணியில் வந்து நின்றான். பாவம், அவனுக்கும் பிழைப்புக் கெட்டுப்போயிருந்தது. உச்சியில் எடுத்த படத்தில் அவன் ஒரு மேட்டில் நின்றான், பின்னால் கோழி மேய்ந்தது. அவனைப் போலவே தனித்தனியாக மலை ஏறி, தினமும் ஒன்றாகக் கூடிப் பேசிக்கொள்கிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். குப்பைமேட்டில் ஏறி நிற்கிறவன் என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள். போன் வரைபடத்திலிருந்து அண்ணாந்தானின் உயரம் அழிந்துவிட்டதால், ஏறினேன் என்று காட்ட அவனிடம் எதுவும் இல்லை. மலை எழுந்து நின்றால்தான் அவன் ஏறியது ஏறியதாகும். ஊருக்கு மழை வேண்டும், அவனுக்குப் பெயர் வேண்டும். ஒருவரையொருவர் புழுவைப்போலப் பார்த்துக்கொண்டு இரு தரப்பும் ஒத்துழைத்தன.

மேட்டின் மேல் அவனை ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் பேசினான். மனிதன் எவ்வளவு சிறியவன், இயற்கை எவ்வளவு பெரியது, அன்று சொன்ன ஒரு சொல்லுக்காக ஒவ்வொரு நாளும் வருந்துகிறேன் என்று தொண்டை கரகரக்கச் சொன்னான். சொல்லும்போதே, தான் பேசுவதைப் படம் பிடிக்கச் சொல்லி ஒருவனிடம் கொடுத்திருந்த போனைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டான். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கே கொட்டாவி வந்தது. மலை எப்படி எழும்? முடித்துவிட்டு இறங்கி, படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கடைக்கு வந்தான்.

அப்போதுதான் வீருச்சின்னு அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். குரங்கேறாப் பாறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முன்னால் போய் நின்றாள், அவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள். அவள் மேட்டின் மேல் கால் வைத்தாள். நாலைந்து எட்டில் உச்சி வந்துவிட்டது. சாமிக்கல்லின் பக்கத்தில் ஆட்டுப் புழுக்கையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில், தரையைப் பார்த்துப் பேசினாள். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது.

“எவனோ ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னான்னு உக்காந்துட்ட. எம் புருசனைக் கொன்னுபோட்டு நீ நின்னப்ப நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லலை. கொல்றதுக்குத் தகுந்த ஆளுதான்னு நெனச்சேன். இப்பப் பாரு, உம்மேல உக்காந்து நகம் வெட்டுறானுக. அவரைக் குடிகாரன்றானுக. எந்திரிக்கிறதுன்னா எந்திரி. இல்லேன்னா நாளைக்கே அந்த லாரிக்காரனைக் கூட்டியாந்து, உன்னை ஜல்லியா அள்ளிட்டுப் போகச் சொல்றேன். ரோட்டுலயாச்சும் நாலு பேருக்குப் பிரயோசனமாக் கிட.”

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கோழிகள் விலகி ஓடின. பின்னங்கால் முதலில் நிமிர, மேடு ஒரு பக்கம் சாய்ந்து, முன்னங்காலும் நிமிர, புதர்கள் சோலையாகி, கீற்றுகள் ஓடையாகி, பாய் விரித்ததுபோல் கிடந்த புல் மேடுமேடாக உருண்டு மேலே போக, அண்ணாந்தான் எழுந்தது. வீருச்சின்னு தரையை இரண்டு கையாலும் பிடித்தபடி மேலே போனாள். ரகோத்தமன் கடையிலிருந்து போனோடு ஓடிவந்து, கிளம்பிவிட்ட பஸ்ஸில் தொற்றப் பார்க்கிறவனைப்போல நகர்ந்துகொண்டிருந்த சரிவில் கைவைத்தான். சரிவு அவனை உதறியது. முட்டிபோட்டு விழுந்தவன் அண்ணாந்து பார்த்தபோது அவள் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் மேகம் வந்து மலையில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. மழை இறங்கியதும் ஊர்க்காரர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மிளகுத் தோட்டத்துக்கு ஓடினார்கள். மேலே ஒருத்தி இருக்கிறாள் என்பது நனைந்து வீடு திரும்பியபிறகுதான் நினைவுக்கு வந்தது. மழை விடட்டும், காலையில் பார்க்கலாம் என்றார் பவுன்ராஜ். காலையில் மழை விடவில்லை, ஆகவே யாரும் பார்க்கவில்லை. துணி காயவில்லை என்ற பேச்சு அதற்குள் தொடங்கிவிட்டது.

மறுநாள் மத்தியானம் அவள் தானாக வந்து சேர்ந்தாள். சேலை கிழிந்து, இரண்டு உள்ளங்கையும் உரிந்து, காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம் மழையில் கரைந்து வழிந்தபடி கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். கடையில் ஏழெட்டுப் பேர் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். முதல் நாள் பஸ்ஸை விட்டுவிட்டு ஊரிலேயே தங்கியிருந்த ரகோத்தமன் முந்தி வந்து, முன்னொரு நாள் தானும் அங்கே உச்சியில் நின்றதை நாலு பேர் முன்னால் அவள் சொல்லவேண்டும், அதைப் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டான்.

“நான் பாக்கலையே தம்பி” என்றாள் அவள்.

இப்போதுதான் மலை நிற்கிறதே, வேண்டுமானால் போய் ஏறுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அவன் வெளியே போய், மழையில் கழுத்தைப் பின்னால் சாய்த்து, மேகத்துக்குள் மறைந்திருந்த உச்சியை நெடுநேரம் தேடினான். அட்டை அதிகமாக இருக்கும், இன்னொரு சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டான். எந்தச் சனிக்கிழமையும் அவன் வரவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

பவுன்ராஜ் ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். புல்மேட்டுப் பாதை மழையில் அறுந்துபோயிருக்குமே, எந்த வழியாக இறங்கினீர்கள் என்று கேட்டார். குரங்கேறாப் பாறை வழியாக என்று அவள் சொன்னாள்.

அவள் உரிந்த கையைத் துண்டில் ஒற்றிக்கொண்டாள்.

“அந்த எடத்துல கால் வைக்கவே எடமில்லை” என்றாள். “இத்தனை வருசம் அவரு விழாமப் போயிட்டு வந்ததுதான் அதிசயம்.”